ஒரு சுமைக்கு ஓர் இலக்கம்: சரக்கு ஒருங்கிணைப்பு முறை பற்றி ஓர் எளிய விளக்கம்

நுவரெலியா, வெலிமடைப் பக்கம் மரக்கறி விலை விழும்போதெல்லாம் ஒரு சொல் அடிபடுகிறது: லொஜிஸ்டிக்ஸ். கூட்டங்களில் சொல்கிறார்கள், வானொலியில் சொல்கிறார்கள், லொறிகளின் பக்கப் பலகையிலும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. கேட்பவர்களில் பலர் அதை லொறி ஓட்டும் தொழில் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இன்னும் பலர், கைப்பேசியில் ஒரு வரைபடம், அதில் நகரும் ஒரு புள்ளி என்று நினைக்கிறார்கள். "ஒரு அப் செய்தால் சரி" என்கிறார்கள் இளைஞர்கள். "ஜிபிஎஸ் பூட்டியாச்சே, இன்னும் என்ன?" என்று கேட்கிறார்கள் லொறி முதலாளிகள்.

தேயிலைத் தொழிற்சாலை அலுவலகம் ஒன்றில் தூள் அனுப்பும் வேலையைச் சில வருடம் பார்த்தேன். பிறகு மரக்கறி சேகரிப்பு நிலையம் ஒன்றில் கணக்கு எழுதினேன். இரண்டு இடத்திலும் சரக்கு இருந்தது, லொறியும் இருந்தது. அப்படியிருந்தும் சரக்கு கிடந்து வாடிய நாட்கள் உண்டு. லொறி வெறுமனே திரும்பிய நாட்களும் உண்டு. சரக்கையும் லொறியையும் நேரத்துக்குச் சேர்த்துவைக்கும் ஏற்பாடு இல்லாததே காரணம். அந்த ஏற்பாட்டைத்தான் ஒருங்கிணைந்த சரக்கு முறை என்கிறார்கள். இந்தத் துறையைப் பற்றி எதுவும் தெரியாதவருக்கும் விளங்கும்படி அதை இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

பெரட்டிலிருந்து தொடங்குவோம்

தேயிலைத் தோட்டத்து விடியற்காலைப் பெரட்டை நினைத்துப் பாருங்கள். கணக்கப்பிள்ளையிடம் இரண்டு பட்டியல்கள் இருக்கும். எந்த மலையில் கொழுந்து எடுக்க வேண்டும், எந்த மலையில் கவ்வாத்து (செடி வெட்டிவிடுதல்), எங்கே புல்வெட்டு என்பது ஒன்று. இன்றைக்கு வேலைக்கு வந்து நிற்பவர்கள் யார் யார் என்பது மற்றது. இரண்டையும் பொருத்திப் பேர் கூப்பிட்டு ஆட்களைப் பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. கொஞ்ச நேரத்தில் அது முடிந்துவிடுகிறது. இரண்டு பட்டியலும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒருவர் கண்முன் இருப்பதால்தான் அவ்வளவு சீக்கிரம் முடிகிறது.

பெரட்டே இல்லாத ஒரு தோட்டம் எப்படி இருக்கும்? ஆளாளுக்குத் தோன்றிய மலைக்குப் போவார்கள். ஒரு மலையில் நூறு பேர் நிற்பார்கள்; இன்னொரு மலையில் கொழுந்து முற்றிக் கிடக்கும். அங்கே ஆளும் குறைவில்லை, கொழுந்தும் குறைவில்லை. இரண்டு பட்டியலும் சந்திக்கவில்லை, அவ்வளவுதான். கந்தப்பளையில் கரட் மூடைகள் வீதியோரம் காத்துக் கிடக்க, சில கிலோமீற்றர் தள்ளி ராகலையில் ஒரு லொறி ஹயர் (வாடகை ஓட்டம்) இல்லாமல் நிற்கும் மாலை நேரமும் இதே கதைதான்.

இந்த ஒப்பீடு ஓர் இடத்தில் நின்றுவிடும். தோட்டத்தில் கணக்கப்பிள்ளை சொன்ன மலைக்கு ஆள் போக வேண்டும். சரக்கு விடயத்தில் யாரும் யாருக்கும் கட்டளையிட முடியாது. கரட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவர், லொறிக்குச் சொந்தக்காரர் வேறொருவர்; இருவரும் தனித்தனித் தொழில் செய்பவர்கள். ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் சம்மதிக்க வேண்டும். ஆகவே அங்கே கட்டளை செய்யும் வேலையை இங்கே வாக்கு செய்ய வேண்டியிருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாக விளங்கும்.

யார் யார் இதில் இருக்கிறார்கள்?

சரக்கை ஓரிடத்திலிருந்து வெளியே அனுப்ப வேண்டியவர் *அனுப்புநர்*. தோட்டத் தொழிற்சாலையும் அனுப்புநர்தான், அரை ஏக்கரில் லீக்ஸ் போட்டவரும் அனுப்புநர்தான். அதைக் கூலிக்கு ஏற்றிப் போகிறவர் *கொண்டுசெல்பவர்*. நூறு லொறி வைத்திருக்கும் நிறுவனமும் இதில் அடங்கும். தவணை கட்டி எடுத்த ஒரே லொறியைத் தானே ஓட்டுகிறவரும் அடங்குவார். மறுமுனையில் சரக்கை எடுத்துக்கொள்பவர் *பெறுநர்*: பேலியகொடை மெனிங் சந்தையின் மொத்த வியாபாரி, தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தின் கடைக்காரர், கொழும்பில் தேயிலைக் களஞ்சியம் வைத்திருப்பவர். ஒரு பயணத்தில், ஓர் உடன்பாட்டின்கீழ், ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் சரக்கின் அளவு ஒரு *சுமை*. இந்த நான்கு சொற்கள் போதும்.

நடுவில் தரகர்களும் உண்டு. அவர்களை ஒட்டுண்ணி என்று ஏசுவது வழக்கமாகிவிட்டது; நான் அப்படிப் பார்ப்பதில்லை. எந்த ஊரில் எந்த லொறி இன்றைக்குக் காலி என்று தெரிந்த ஒரே ஆள் பல இடங்களில் தரகர்தான். அவர் விற்பது அந்தத் தகவலை. அந்தத் தகவல் ஒருவர் தலையில் மட்டும் பூட்டிக் கிடப்பதுதான் சிக்கல். அவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு அந்தப் பக்கத்து லொறிகள் பாதி நிற்கும்.

தொலைபேசி போதாதா?

போதும், மூன்று பேர் இருக்கும்வரை. மூன்று பேர் ஒருவரோடொருவர் பேச மூன்று தொடர்புகள் வேண்டும். ஐந்து பேர் என்றால் 10. பத்துப் பேர் என்றால் 45. ஒரு சேகரிப்பு நிலையத்தில் சாதாரணமாக ஒரு நாளில் சம்பந்தப்படும் ஆட்களை எண்ணிப் பாருங்கள்: விவசாயிகள், நிலையக்காரர், லொறி உரிமையாளர்கள், சாரதிகள், சந்தைக் கடைக்காரர்கள். பத்தைத் தாண்டிவிடும்.

எண்ணிக்கையை விடப் பெரிய தொல்லை, ஒவ்வொரு அழைப்பிலும் தகவல் புதிதாகச் சொல்லப்படுவது. விவசாயி "நாற்பது மூடை இருக்கும்" என்கிறார். நிலையக்காரர் அதை "நாற்பது மூடை" என்று லொறிக்காரரிடம் சொல்கிறார். "இருக்கும்" விழுந்துவிட்டது. லொறிக்காரர் ஒரு மூடை 50 கிலோ என்று எடுத்துக்கொண்டு இரண்டு தொன் என்று கணக்கிட்டு வருகிறார். வந்து பார்த்தால் மூடை முப்பத்திரண்டு, ஆனால் வாய் தைக்க முடியாத அளவுக்குப் பிதுங்க நிரப்பியவை. சந்தைக்காரருக்கு இன்னொரு கணக்குப் போயிருக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒரே சுமையைப் பற்றி நான்கு பேரிடம் நான்கு கணக்கு, அவ்வளவே.

மலையகத்து ஆட்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. கொழுந்து நிறுக்கும்போது கங்காணியின் கைப்புத்தகத்தில் ஒரு நிறை எழுதப்படும். அலுவலகச் செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், அது மறுபடி எழுதப்படும். இரண்டும் ஒத்துவராத மாதத்தில் சம்பள நாளன்று என்ன நடக்கும் என்று எங்கள் அம்மாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். முழுப் பேர் (முழு நாள் சம்பளம்) கிடைக்க வேண்டியவருக்கு அரைப் பேர் விழுந்திருக்கும். அதை நிரூபிக்க அவர் கையில் ஒரு துண்டும் இருக்காது.

இதுவரை சொன்னது: அனுப்புநரும் கொண்டுசெல்பவரும் தனித்தனி ஆட்கள். அவர்களைச் சேர்க்க இரண்டு பட்டியல்கள் சந்திக்க வேண்டும். தொலைபேசியில் அந்தச் சந்திப்பு நடக்கிறது, ஆனால் ஒவ்வொரு கை மாறும்போதும் தகவல் கொஞ்சம் தேய்கிறது.

முறையின் உயிர்: ஒரே பதிவு

இப்போது வரையறையைச் சொல்லலாம். *ஒருங்கிணைந்த சரக்கு முறை* என்றால், ஒரு சுமையைப் பற்றிய ஒரே பதிவை, அதோடு தொடர்புள்ள எல்லாரும் தங்கள் தங்கள் இடத்திலிருந்தே எழுதவும் பார்க்கவும் வழிசெய்யும் ஏற்பாடு. கணினி, கைப்பேசி எல்லாம் அந்தப் பதிவைத் தாங்கும் பாத்திரங்கள் மட்டுமே.

2022 எரிபொருள் நெருக்கடியை நாம் யாரும் மறக்கவில்லை. அந்த வருடம் யூலையில் தேசிய எரிபொருள் அட்டை வந்தது. ஒரு வாகனத்துக்கு ஒரு கியூஆர் குறியீடு. அதை அட்டனில் நீட்டினாலும் அவிசாவளையில் நீட்டினாலும் அந்தக் கிழமைக்கு மீதியுள்ள லீற்றர் ஒன்றாகத்தான் காட்டியது. அட்டன் நிலையத்துக்காரர் அவிசாவளைக்குத் தொலைபேசி எடுத்து "இந்த வண்டிக்கு எவ்வளவு அடிச்சீங்க?" என்று கேட்கத் தேவை இருக்கவில்லை. இரண்டு பேரும் பார்த்தது ஒரே பதிவை. சரக்கு முறையிலும் அடிப்படை இதுவேதான். வாகனத்துக்குப் பதில் சுமைக்கு ஓர் இலக்கம். லீற்றருக்குப் பதில் நிறை, மூடை, நேரம், கூலி.

அந்த இலக்கம் பிறந்ததிலிருந்து முடியும்வரை என்ன நடக்கிறது என்று ஒரு கரட் சுமையோடு போய்ப் பார்ப்போம்.

பகல் பதினொரு மணிக்கு நிலையக்காரர் பதிவைத் திறக்கிறார்: கரட், கழுவியது, சுமார் 3,000 கிலோ, மாலை ஐந்துக்கு ஏற்றலாம், விடியற்காலை மூன்றுக்கு முன் பேலியகொடையில் இறக்க வேண்டும். இங்கே "சுமார்" என்பது மறைவதில்லை. மதிப்பீட்டுக்கு ஒரு கட்டம், தராசு சொன்ன நிறைக்கு இன்னொரு கட்டம் என்று பிரித்தே வைத்திருப்பார்கள்.

அடுத்தது *பொருத்தம்*. எந்த லொறி இந்தச் சுமைக்குச் சரி என்று தேடுவது. கொள்ளளவு, இருக்குமிடம், நேரம் மூன்றும் பார்க்கப்படும். இன்னும் நுணுக்கமான நிபந்தனைகளும் உண்டு. தேயிலையை எடுத்துக்கொள்ளுங்கள். தூள் சுற்றியிருக்கும் மணத்தை இழுத்துக்கொள்ளும். முதல்நாள் கருவாடோ வெங்காயமோ உரமோ ஏற்றிய லொறியில் தேயிலையைப் போட்டால், கொழும்பில் சுவை பார்ப்பவர் ஒரு மிடறில் கண்டுபிடித்துவிடுவார். எங்கள் தொழிற்சாலையில் லொறி வந்ததும் பெரியவர் ஒருவர் பின்கதவைத் திறந்து முதலில் மூக்கை நீட்டுவார். தார்ப்பாயைக்கூட அதன் பிறகுதான் பார்ப்பார். ஒரு நல்ல முறைக்கு அந்தப் பெரியவரின் மூக்கு தெரிந்திருக்க வேண்டும். லொறி கடைசியாக என்ன ஏற்றியது என்பதைப் பதிவு நினைவில் வைத்திருந்தால், பொருந்தாத லொறி மலையேறி வந்து திரும்பும் செலவு மிச்சம்.

கேட்பதும் சம்மதிப்பதும்

பொருத்தத்துக்குப் பிறகு வருவதுதான், என் அனுபவத்தில், எல்லாவற்றிலும் முக்கியமான படி. இதைப் பற்றித்தான் மக்கள் மிகக் குறைவாகப் பேசுகிறார்கள்.

நிலையக்காரர் மனநிலையை முதலில் பாருங்கள். லொறி வருமா வராதா என்ற பயத்தில் அவர் இரண்டு லொறிக்குச் சொல்லிவைக்கிறார். முதலில் வருவதற்கு ஏற்றுகிறார். லொறிக்காரர் பயம் வேறு: போய்ச் சேர்ந்தபின் "சுமை போயிடுச்சு" என்பார்களோ என்று. அதனால் அவரும் இரண்டு இடத்தில் ஒப்புக்கொள்கிறார். எது வசதியோ அங்கே போகிறார். ஒருவருடைய பயம் மற்றவருடைய பயத்தை நியாயமாக்குகிறது. ஒரு மழை மாலையில், நாங்கள் கூப்பிட்ட லொறி நனைந்துகொண்டு வந்து சேர்ந்தபோது எங்கள் சுமையை இன்னொரு லொறி ஏற்றி முடித்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தது. வந்த சாரதி சத்தம் போடவில்லை. இறங்கி ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார். அவர் மறுபடி எங்கள் அழைப்பை எடுக்கவேயில்லை. அதில் நியாயம் இருந்தது.

ஒருங்கிணைந்த முறை இதை இப்படிக் கையாள்கிறது. சுமைக்கான *அழைப்பு* ஒரு நேரத்தில் ஒருவருக்கே போகும். கூலி, நேரம், நிபந்தனை எல்லாம் அதிலேயே இருக்கும். பதில் சொல்ல ஒரு கெடு உண்டு, உதாரணமாக அரை மணித்தியாலம். ஏற்றால் சுமை பூட்டப்படும். வேறு யாருக்கும் அது காட்டப்படாது, ஏற்றவரின் லொறியும் அந்த நேரத்துக்கு வேறு அழைப்பில் தென்படாது. மறுத்தாலோ, கெடு முடியும்வரை பேசாமல் இருந்தாலோ, அடுத்தவருக்குப் போகும். மௌனம் சம்மதமாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை; அது மறுப்பு. இந்த ஒரு விதியே மாலை நேரத்துப் பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

யார் எத்தனை முறை ஏற்றார், ஏற்றபின் எத்தனை முறை வராமல் விட்டார் என்பதும் பதிவில் தங்கும். அதே போல, ஏற்க வந்த லொறியை எந்த நிலையம் எத்தனை மணித்தியாலம் காக்கவைத்தது என்பதும் தங்க வேண்டும். முதலாவதை எழுதி இரண்டாவதை எழுதாத முறை, ஒரு கண்ணை மூடிக்கொண்ட முறை.

ஏற்றியது, போனது, இறக்கியது, பணம்

ஏற்றும்போது தராசு நிறை பதிவாகிறது. சாரதி தன் பெயரில் ஒப்புக்கொள்கிறார். இவை எழுதிச் சரக்கோடு போகும் தாள் *வழிச்சீட்டு*. மறுமுனையில் பெறுநர் எண்ணி, நிறுத்து, ஒப்பமிடுவது *ஒப்படைப்புச் சான்று*. இந்த இரண்டு கையெழுத்துக்கும் நடுவே சரக்கு யார் பொறுப்பு என்பதில் சந்தேகமே இருக்கக் கூடாது. ஒப்படைப்புச் சான்று வந்ததும் கூலிக் கணக்கு தானாக எழும். அதற்காக யாரும் மறுபடி உட்கார்ந்து தட்டச்சு செய்யத் தேவையில்லை, ஏனென்றால் கூலியும் நிறையும் ஏற்கெனவே அதே பதிவில் இருக்கின்றன. லொறிக்காரருக்கு இதுவே பெரிய ஆறுதல். அவர் அலைவது பெரும்பாலும் ஹயருக்காக அல்ல, ஓடி முடித்த ஹயரின் காசுக்காக.

இதுவரை சொன்னது: ஒரு சுமை, ஓர் இலக்கம், ஒரே பதிவு. அறிவித்தல், பொருத்தம், அழைப்பு, சம்மதம், ஏற்றல், ஒப்படைப்பு, பணம் எல்லாம் அந்த ஒரு பதிவில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்படுகின்றன. எதையும் இரண்டாம் முறை எழுதுவதில்லை.

அப்படியானால் ஜிபிஎஸ்?

அது பதிவில் விழும் பல குறிப்புகளில் ஒன்று. லொறி கினிகத்தேனையில் நிற்கிறது என்று வரைபடம் சொல்லும். அது நம் சுமையோடு நிற்கிறதா, வேறொருவர் சுமையோடா, இன்றிரவு போகுமா என்பதை வரைபடம் சொல்லாது.

இடம் தெரிவதன் பயன், அதை நேரத்தோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் வருகிறது. நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு அட்டன், கித்துல்கல வழியாகவும் போகலாம். றம்பொடை, கம்பளை வழியாக இறங்கிக் கண்டி வீதியையும் பிடிக்கலாம். பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்தார் பெரகலையில் இறங்கி இரத்தினபுரி வழியாகப் போவார்கள். மழைக்காலத்தில் இவற்றில் ஏதாவது ஒன்று மண்சரிவால் மூடப்படும். கடுகண்ணாவையில் மண் சரிந்து கண்டி வீதி அடைபட்ட நாட்களில், விடயம் தெரியாமல் கீழே போய் மாட்டிய லொறிகளும், முன்கூட்டியே தெரிந்து வேறு வழி போன லொறிகளும் இருந்தன. வழி அடைபட்டது என்ற ஒரு செய்தி, அந்த வழியில் போகும் எல்லாச் சுமைகளின் பதிவையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். பேலியகொடையில் காத்திருப்பவருக்கும் அப்போதே தெரிய வேண்டும். ஒருங்கிணைப்பு என்ற சொல்லுக்கு இதுதான் பொருள்.

நம் மலைகளில் பல வளைவுகளில் சமிக்ஞையே கிடையாது. ஆகவே இங்கே வேலை செய்யும் எந்த முறையும், தொடர்பு இல்லாத இடத்தில் குறிப்பைக் கைப்பேசியிலேயே நேரத்தோடு எழுதிவைத்து, தொடர்பு கிடைத்ததும் அனுப்பக்கூடியதாக இருக்க வேண்டும். சமதரைக்குச் செய்ததை அப்படியே மேலே கொண்டுவந்தால் சரிவராது.

ஒரே சொல்லுக்கு ஒரே பொருள்

பதிவு ஒன்றாக இருந்தாலும், எழுதுபவர்கள் "மூடை" என்பதை வெவ்வேறாகப் புரிந்துகொண்டால் பயனில்லை. லீக்ஸ் மூடையும் உருளைக்கிழங்கு மூடையும் ஒரே நிறையா? உலகம் இந்தப் பாடத்தைக் கற்ற கதை சுவையானது.

1948, 49இல் பெர்லின் நகரத்துக்குத் தரைவழி அடைபட்டபோது உணவு, நிலக்கரி எல்லாம் விமானத்தில் போயின. அனுப்பிய ஒவ்வோர் இடமும் தன் தன் பாணியில் சரக்குப் பட்டியல் எழுதியதால் பெரும் குழப்பம். எட்வர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்கப் படைவீரரும் அவரோடு வேலை செய்தவர்களும், தொலைபேசியிலோ வானொலியிலோ தொலை அச்சிலோ (டெலெக்ஸ்) அனுப்பக்கூடிய ஒரே அமைப்பிலான சரக்குப் பட்டியலை உருவாக்கினார்கள். கணினிக் காலத்துக்கு முன்னரே நடந்த காரியம் இது. 1965இல் ஒரு கப்பல் நிறுவனம் அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் சரக்குப் பட்டியலைத் தொலை அச்சில் அனுப்பியது. 1987இல் ஐக்கிய நாடுகள் சபையின் வழியாக இதற்கு ஒரு பொதுத் தரம் வந்தது. இப்படி, இரண்டு நிறுவனங்களின் கணினிகள் முன்கூட்டி ஒத்துக்கொண்ட ஒரே வடிவத்தில் பேசிக்கொள்வதற்கு *மின்னணுத் தரவுப் பரிமாற்றம்* என்று பெயர்.

நமக்கும் இது முழுக்கப் புதிதல்ல. தேயிலை ஏலம் கொழும்பில் 1883 யூலையில் தொடங்கியது. தொழிற்சாலையிலிருந்து போகும் ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் இன்வொய்ஸ் இலக்கம் உண்டு; தரம், பை எண்ணிக்கை, நிறை எல்லாம் அந்த இலக்கத்தில் தொங்கும். களஞ்சியத்துக்காரரும் தரகரும் வாங்குபவரும் அந்த ஒரே இலக்கத்தைத்தான் சொல்லிப் பேசுவார்கள். 2020 ஏப்ரலில் நோய்த்தொற்று ஊரடங்கின்போது ஏலத்தை இணையத்துக்கு மாற்ற முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இலக்கமும் ஒழுங்கும் முன்பே இருந்தன. மேடை மட்டும் மாறியது. மரக்கறிக்கு அந்த இலக்கம் இன்னும் வரவில்லை. ஒரே மலையில், ஒரே வீதியில் இறங்கும் இரண்டு சரக்குகளுக்கு இடையே இப்படியொரு வித்தியாசம் இருப்பது என்னை எப்போதும் உறுத்தும்.

வெறுமனே ஏறும் லொறி

மரக்கறியை இறக்கிய லொறி திரும்பி மலையேற வேண்டும். கிட்டத்தட்ட கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே. மேலே வரவேண்டிய சரக்கு இல்லாமலில்லை: அரிசி, மா, சீனி, சீமெந்து, உரம் எல்லாம் கீழேயிருந்துதான் வருகின்றன. ஆனால் அவற்றை வேறு லொறிகள் ஏற்றி வந்து, வெறுமனே இறங்குகின்றன.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். போய்வர மொத்தச் செலவு 60,000 ரூபாய், ஏற்றிய மரக்கறி 5,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வெறுமனே திரும்பினால் முழுச் செலவும் மரக்கறி தலையில்: கிலோவுக்கு 12 ரூபாய். திரும்பும் வழியில் 20,000 ரூபாய்க்கு ஒரு சுமை கிடைத்தால் மரக்கறி சுமக்க வேண்டியது 40,000. கிலோவுக்கு 8 ரூபாய். டீசலும் வீதியும் அப்படியே இருக்க, மாறியது ஒரு தகவல் மட்டும்.

இது ஏன் தானாக நடப்பதில்லை என்றால், மரக்கறி லொறி விடியுமுன் காலியாகிறது. அரிசிக் களஞ்சியம் காலையில்தான் திறக்கிறது. சாரதி இரவு முழுக்க வண்டி ஓட்டியிருக்கிறார், தூங்க வேண்டும். அடுத்த மாலைக்குள் மேலே நிற்கவும் வேண்டும். இந்த இடைவெளியில் அலைந்து சுமை தேட அவருக்கு நேரமில்லை. சுமை அவரைத் தேடி வந்தால்தான், அதாவது முதல்நாளே பூட்டப்பட்டிருந்தால்தான், அது சாத்தியம்.

இது தீர்க்காதவை

இலங்கையில் மரக்கறி, பழங்களில் 30 முதல் 40 வீதம் அறுவடைக்குப் பின் வீணாகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதை முழுக்க லொறி ஒருங்கிணைப்பால் நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிதுங்க நிரப்பிய மூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஆளும் ஏறி நின்றால், லொறி நேரத்துக்குப் போனாலும் அடித்தட்டு நசுங்கும்.

2011 கடைசியில், மரக்கறியைச் சாக்குக்குப் பதில் பிளாஸ்டிக் கூடைகளில் கொண்டுபோவதை அரசு கட்டாயமாக்க முனைந்தபோது விவசாயிகளும் வியாபாரிகளும் எதிர்த்தார்கள். அதைப் பிடிவாதம் என்று பலர் எழுதினார்கள். எதிர்ப்பில் ஒரு நேர்மையான கேள்வி இருந்தது: கொழும்புக்குப் போன என் கூடை எப்போது, யார் கையால் எனக்குத் திரும்பி வரும்? சாக்கு மடித்தால் கக்கத்தில் அடங்கும். கூடை காலியாக இருந்தாலும் லொறியில் இடம் பிடிக்கும். கூடை எங்கே இருக்கிறது, யாருடையது, எந்தத் திரும்புலொறியில் ஏறும் என்று கணக்கு வைக்க ஓர் ஏற்பாடு இருந்திருந்தால் அந்த முயற்சி வேறுவிதமாகப் போயிருக்கலாம். பொருளை மட்டும் கொடுத்து, அதன் பதிவைக் கொடுக்காமல் விட்டார்கள்.

பதிவு யாருக்குத் தெரியும்?

ஒரே பதிவு என்றால் எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்று பொருளல்ல. சாரதிக்கு இறக்குமிடம் தெரிய வேண்டும். வியாபாரியின் விற்பனை விலை தெரியத் தேவையில்லை. யாருக்கு எந்தக் கட்டம் திறந்திருக்கும் என்பதை முறை அமைப்பவர் தீர்மானிக்கிறார். இங்கேதான் நான் மிகவும் கவலைப்படுகிறேன். பெரிய வியாபாரிக்கும் பெரிய லொறி நிறுவனத்துக்கும் திரை முழுக்கத் தெரிந்து, விவசாயிக்கும் ஒற்றை லொறிக்காரருக்கும் ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தால், அது கங்காணி புத்தகத்தின் மறுபிறவியே. தராசு காட்டிய நிறை, கூலி, கழிவு மூன்றும் விவசாயிக்குத் தமிழிலும் சிங்களத்திலும் அந்த நிமிடமே போக வேண்டும். கழிவு என்று வெட்டும் கிலோக்களுக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் கட்டாயம் இருக்க வேண்டும். எந்த முறையை யார் கொண்டுவந்து காட்டினாலும் நான் முதலில் கேட்பது, "சரக்குக்காரர் கையில் என்ன நகல் இருக்கும்?" என்பதுதான்.

எங்கிருந்து தொடங்கலாம்?

விலையுயர்ந்த மென்பொருளிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நாங்கள் சேகரிப்பு நிலையத்தில் கடைசி வருடம் மூன்று நகல் விழும் கார்பன் புத்தகம் ஒன்றை அச்சடித்தோம். ஒவ்வொரு தாளிலும் இலக்கம், தராசு நிறை, மூடை எண்ணிக்கை, ஏற்றிய நேரம், லொறி இலக்கம், பேசிய கூலி. ஒரு நகல் விவசாயிக்கு, ஒன்று சாரதிக்கு, ஒன்று எங்களுக்கு. சாரதி அதே தாளில் இறக்கிய நேரமும் நிறையும் எழுதி வாங்கி வருவார். பிறகு அந்தத் தாளைப் படம் எடுத்து, இலக்கத்தோடு வட்ஸ்அப் குழுவில் போடப் பழகினோம்.

முதல் இரண்டு கிழமை எல்லாரும் முணுமுணுத்தார்கள். மூன்றாம் கிழமை, மூடை குறைந்தது என்று சந்தையிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. "எந்த இலக்கம்?" என்று கேட்டோம். புத்தகத்தைப் புரட்டி, ஏற்றிய எண்ணிக்கையைச் சொன்னோம். அவர் தன் கையில் இருந்த சாரதி நகலைப் பார்த்தார். இரண்டிலும் ஒரே எண். மறுபடி எண்ணிவிட்டு எடுப்பதாகச் சொன்னார். பத்து நிமிடத்தில் எடுத்தார். மூடை இன்னொருவர் அடுக்கில் சேர்ந்திருந்தது.